பிலோமினாவுக்கு ஒரு கட்டைக் கிட்டார்

பெட்டியைத் திறந்தவன் நான். முதலில் சிரித்தவள் என் மனைவி பிலோமினா.

எங்கள் கல்லடி வீட்டு மேசைமேல் இருந்தது அந்தப் பெட்டி. கப்பல் எண்ணெயும் ஈரச் சணலும் கலந்த வாசம் அறை முழுவதும் பரவியிருந்தது. கடதாசித் துண்டுகளைக் கிளறக் கிளறக் கை ஆழத்துக்குப் போயிற்றே தவிர, கிட்டார் அகப்படவில்லை. கடைசியில் அடியில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். ஒன்றேகால் முழ நீளம். நாலே நாலு கம்பி. உகுலேலே என்று சொல்வார்களே, அது.

பிலோமினாவின் அண்ணன் பெனடிக் மச்சான் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குக் கப்பலொன்றில் சமைக்கிற குசினிக்காரர் அவர். சிங்கப்பூரில் இறங்கி, வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த மனிதர்.

"என்ன மச்சான், பிடிக்கல்லயா? நீங்க கேட்டதுதானே?"

"நான் கேட்டது கட்டைக் கிட்டார்."

"இதவிடக் கட்டையா அந்த ஊரிலயே ஒண்டும் இல்ல," என்றார் அவர்.

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். சிரிப்பு அங்கிருந்தும் கேட்டது.

தமிழ்ப் பற்றினால் வந்த வினை

குற்றம் மச்சானுடையது அல்ல, என்னுடையது. அந்த நாட்களில் எதற்கும் தமிழில் ஒரு பெயர் வைத்துப் பார்ப்பது எனக்கொரு நோய். அரசாங்கக் கந்தோரில் படம் கீறுகிற வேலை. வாய்க்கால், மதகு, அணைக்கட்டு என்று நாள் முழுக்க அளவுகோலும் மையுமாக இருப்பேன். கந்தோரில் படத்துக்குக் கீழே எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் தமிழ் பொங்கிக்கொண்டு வரும்.

வயிறு வெறுமையாக, கூடுபோல இருக்கிற சாதாரண கிட்டாருக்குக் கூட்டுக் கிட்டார் என்று பெயர் வைத்தேன். கூடு இல்லாமல், ஒரே பலகையில் செய்து மின்சாரத்தில் வாசிக்கிற கிட்டார்களும் அப்போது உலகத்தில் வந்துவிட்டன. அதற்குக் கட்டைக் கிட்டார் என்று வைத்தேன். கட்டை என்றால் மரக்கட்டை. என் மூளையில் அது அப்படித்தான் நின்றது. பெருமையோடு அந்தச் சொல்லையே கடிதத்திலும் எழுதி அனுப்பினேன்.

மச்சானோ நம்மூர் மனிதர். கட்டைக் காற்சட்டை என்றால் முழங்காலுக்கு மேலே நிற்கிற காற்சட்டை. கட்டையன் என்றால் குள்ளன். அப்படியானால் கட்டைக் கிட்டார்? அவருடைய கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தால் ஒன்பது மாதக் காத்திருப்பு வீணாகியிருக்காது.

ஒன்பது மாதம் என்பது எனக்கு அப்போது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஊசி போட்ட காலம்

கல்யாணமாகி நாலாம் வருடம் பிலோமினாவுக்குச் சயரோகம் வந்தது. கோவில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவள் அவள். எல்லோரும் மேலே போகிறபோது தான் மட்டும் அடியில் நின்று தாங்குகிற குரல். இருமல் தொடங்கிய நாளோடு அது நின்றுபோயிற்று.

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காக ஸ்ரெப்ரோமைசின் ஊசி. அந்த ஊசி இல்லாவிட்டால் இன்றைக்கு இதை எழுத எனக்கு மனம் இருந்திராது. அது அவள் உயிரைத் திருப்பித் தந்தது. திருப்பித் தரும்போது காதில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது. சிலருக்கு அப்படி ஆகும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். மெல்லிய கூர்மையான சத்தங்கள் முதலில் போகும், தடித்த சத்தங்கள் மிஞ்சும் என்றார்.

வீட்டுக்கு வந்த கிழமையே கண்டுகொண்டேன். வாசற் படலையடியில் நின்று சைக்கிள் மணியை அடிக்கிறேன், அவள் முற்றத்தில் குனிந்து கூட்டிக்கொண்டே இருக்கிறாள். லொறி போனால் திரும்பிப் பார்ப்பாள். குயில் அவளுக்கு இல்லை. நேரே முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் விளங்கும். "கொஞ்சம்தான் மந்தம்" என்று அவளும் சொன்னாள், நானும் நம்பினேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வீட்ட வந்தா முதல்ல ஒங்கட கிட்டார் கேக்கணும்." நான் வாசித்தது ஜாஸ். றேடியோவில் தூரத்து நிலையங்களைப் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்டது. கலியாண வீடுகளில் ஆட்டத்துக்குப் பைலா அடித்துத்தான் கைச்செலவுக்குக் காசு வந்தது. வீட்டில் அவளுக்கு மட்டும் அந்த மெதுவான, சுற்றி வளைத்துப் போகிற மெட்டுகளை வாசிப்பேன்.

அவள் வந்த அன்று வாசித்தேன். "நல்லா இரிக்கு" என்றாள். மறுநாளும் வாசித்தேன். மறுநாளும் "நல்லா இரிக்கு". முன்பெல்லாம் அவ்வளவு இலேசில் சொல்லமாட்டாள். என் வாசிப்புத்தான் முன்னேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். மடையன்.

இருந்தாலும் மனதுக்குள் ஓர் அரிப்பு. என் கிட்டாரின் மெல்லிய மேல் கம்பிகள் அவளுக்குக் கேட்கின்றனவா? முழுதாகக் கேட்கவேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

ஊளையிட்ட கூடு

சத்தத்தைக் கூட்டினால் ஆயிற்று என்று முதலில் நினைத்தேன். வால்வு றேடியோக்களின் முதுகில் கிராமபோனைச் செருக இரண்டு ஓட்டை இருக்கும். பழைய கிராமபோன் ஊசித் தலை ஒன்றைக் கிட்டாரின் வயிற்றில் ஒட்டி, வயரை அந்த ஓட்டையில் செருகினேன். மெதுவாக இருக்கும்வரை சத்தம் அழகாகத்தான் வந்தது. பிலோமினாவுக்காகச் சத்தத் திருகைத் திருப்பியதும் கிட்டார் ஊளையிடத் தொடங்கிற்று. றேடியோவின் சத்தம் கூட்டுக்குள் புகுந்து, கூடு அதிர்ந்து, அந்த அதிர்வு திரும்ப றேடியோவுக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுகிற ஊளை. அடுத்த வீட்டு நாய் பதில் சொன்னது.

கூடு இருந்தால் ஊளை. ஆகவே கூடு இல்லாத கிட்டார் வேண்டும்.

கொழும்பு ஹோட்டலொன்றில் வாசிக்கிற ஒருவரிடம் இதை ஒருமுறை சொன்னேன். "ஜாஸுக்குக் கூடுதான் ஐசே. பலகையில அடிச்சா பலகைச் சத்தம்தான் வரும்," என்று மூக்கைச் சுழித்தார். அவருக்கு ஹோட்டல் நிறையக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். எனக்கு ஒருத்தி.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் வராது. இறக்குமதிக்கு அத்தனை கட்டுப்பாடு. கப்பலில் போகிற மச்சான் ஒருவர் இருந்தது பெரும் பாக்கியம். அந்தப் பாக்கியம் உகுலேலேயாக வந்து சேர்ந்த கதையைத்தான் மேலே சொன்னேன்.

பிக்கப் வந்த கதை

இனி முழுக் கிட்டாருக்குக் காத்திருக்க முடியாது. உடலை இங்கேயே செய்வோம், இங்கே செய்ய முடியாத ஒன்றை மட்டும் மச்சான் கொண்டு வரட்டும் என்று முடிவு செய்தேன். அந்த ஒன்று பிக்கப். காந்தமும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் வைத்த ஒரு சின்னப் பெட்டி. இரும்புக் கம்பிகளுக்குக் கீழே அதைப் பொருத்தினால், கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக்கி அனுப்பும்.

அதில் இரண்டு சாதி. ஒற்றைச் சுருள் ஒன்று, இரட்டைச் சுருள் ஒன்று. ஒற்றைச் சுருளில் சத்தம் பளிச்சென்று வரும், கூடவே மின்சார இரைச்சலும் வரும். இரட்டைச் சுருளில் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். சத்தமும் தடிப்பாக, உருண்டையாக வரும். பைலாக்காரர்கள் ஒற்றையைத்தான் கேட்பார்கள், மேளத்தை மீறிக் கேட்கவேண்டுமே.

எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பளிச்சென்ற சத்தம் பிலோமினாவுக்கு எட்டாது. இரைச்சலோ தடித்த சத்தம், அது எட்டும். ஒற்றைச் சுருள் வாங்கினால் என் பாட்டை விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். இரட்டைதான்.

இந்த முறை சொல்லை நம்பவில்லை. மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், வெட்டுமுகம் ஒன்று, எல்லாவற்றுக்கும் அளவு. மதகுக்குக்கூட நான் அவ்வளவு கவனமாகக் கீறியதில்லை. மச்சான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த பயணத்தில் சப்பாத்துக்குள் பழைய காலுறையில் சுற்றி, கீறியபடியே கொண்டு வந்தார். கூடவே ஒரு கட்டு இரும்புக் கம்பியும்.

இதற்கிடையில் பிலோமினா அயலில் யாரிடமோ "அவருக்குப் பிக்கப் வருது" என்று வாய்விட்டிருக்கிறாள். கதை வாவியைக் கடந்துவிட்டது. ஒரு காலை ஓட்டமாவடியிலிருந்து நெல் வியாபாரி ஒருவர் வந்து இறங்கினார். வவுணதீவில் வெட்டின நெல் வயல் வட்டையிலேயே கிடக்கிறதாம், ஏற்ற வாகனம் இல்லையாம்.

"தம்பி, பிக்கப் வந்திட்டாமே. ஒருக்காப் பாப்பமா?"

மேசை லாச்சியைத் திறந்து உள்ளங்கையில் எடுத்து வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில எத்தின மூடை ஏத்தலாம்?" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். தேத்தண்ணி குடித்து, அரை மணித்தியாலம் என் கிட்டார்க் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பலாவும் கழுத்தும்

உடல் செய்தவன் ரெஜி. பறங்கி இனத்தவன், என் வயதுக்காரன். தச்சு வேலையில் கெட்டிக்காரன், கலியாண வீடுகளில் என்னோடு வயலின் வாசிக்கிறவன். வாவிக்கரையில் தகரக் கூரை போட்ட பட்டறை அவனுடையது.

முதலில் முதிரைப் பலகை ஒன்றைத் தூக்கி வைத்தான். கயிறு கட்டித் தோளில் மாட்டிப் பார்த்தேன், தோள் பிய்ந்துவிடும் போலிருந்தது. தேக்கில் கேட்ட அளவுக்கு அகலம் இல்லை. கடைசியில் பலா. வேறு எதற்கோ எடுத்து வைத்திருந்த, நன்றாகக் காய்ந்த ஒரே ஒரு பலகை. நான் கீறிக் கொடுத்த வடிவத்தைப் பார்த்து, "இது கிட்டாரா, வாய்க்கால் வளைவா?" என்று கேட்டான். இருந்தாலும் ஒரு நூல் பிசகாமல் அறுத்தான்.

கழுத்துக்கு மட்டும் வழியில்லை. கழுத்தின் குறுக்கே ஓடுகிற உலோகக் கட்டைகளைச் சரியான இடைவெளியில் பதிப்பது எங்கள் இருவருக்கும் வராது. பழைய கூட்டுக் கிட்டாரின் கழுத்தை வெட்டி எடுப்பது ஒன்றே வழி.

பிலோமினா அதற்குச் சம்மதிக்கவில்லை.

"எனக்காக அத உடைக்க வேணாம். எனக்கு இப்பயும் கேக்குதுதானே."

"முழுசாக் கேக்கணும், பிலோ."

"இது சரி வராட்டி? மறுகா அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாள் கழுத்தடியில் இறங்குகிறபோது வெளியே போய் நின்றுகொண்டேன். இத்தனை வருடம் என் வயிற்றோடு அணைந்து கிடந்த சாமான்.

எங்கே குழி வெட்டுவது?

இனி மிஞ்சியது ஒரு கேள்வி. பிக்கப்பை எங்கே பதிப்பது? வைத்திருப்பது ஒன்றே ஒன்று. கம்பிகள் முடிகிற பாலத்தின் அருகே வைத்தால் சத்தம் மெல்லிசாக, கூராக வரும். கழுத்தின் அருகே வைத்தால் தடித்து வரும். நடுவில் எத்தனையோ இடம். பலாவில் ஒருமுறை உளி இறங்கினால் அவ்வளவுதான், குழியை நகர்த்த முடியாது. ரெஜிக்குப் பாலத்தடியில்தான் விருப்பம். "பைலாவுக்கு அதுதான் ஐசே," என்றான். நான் பிலோமினாவின் காதே தீர்மானிக்கட்டும் என்றேன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நேரே பட்டறைக்குப் போனோம். பலாக் கட்டையில் கம்பிகள் ஏறியிருந்தன. ரெஜி பிக்கப்பை ஒரு மெல்லிய சட்டத்தில் கட்டிக் கம்பிகளுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தான். அதன் வயரை வீட்டிலிருந்து கொண்டுபோன றேடியோவில் செருகியிருந்தோம். நான் வாசிக்க, அவன் பாலத்திலிருந்து கழுத்துவரை விரல் விரலாக நகர்த்துவதாக ஏற்பாடு.

அவள் என்னைப் பார்த்தபடி கதிரையில் இருந்தாள். பாலத்தடியில் வாசித்தேன். "நல்லா இரிக்கு." ஒரு விரல் தள்ளி. "நல்லா இரிக்கு." இன்னும் தள்ளி. "அதுவும் நல்லா இரிக்கு."

"இப்பிடிச் சொன்னா நான் எங்க வெட்டுற, தங்கச்சி?" என்றான் ரெஜி. "வாவிப் பக்கமாத் திரும்பி இருங்க. எவடத்த நல்லாக் கேக்குதோ, அவடத்த கையத் தூக்குங்க. போதும்."

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி அமர்ந்தாள்.

பாலத்தடியில் தொடங்கினேன். நாலு வரி ஓடியதும் கை மேலே போயிற்று. அடுத்த இடம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கை. ரெஜி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். உள்ளங்கை வியர்த்துவிட்டது. வாசிப்பதை நிறுத்திச் காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன். பட்டறை அமைதியாக இருந்தது. றேடியோவில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

அந்த அமைதியில் பிலோமினா கையைத் தூக்கினாள்.

தூக்கிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவள் சிரித்துக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது.

நான் போய் அவள் முன்னால் குந்தினேன். என் மடியில் கிட்டார் இல்லை என்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"வீட்ட வந்த அண்டைக்கே." அவள் மடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நீங்க கதிரையப் போட்டு இருந்து அடிச்சீங்க. விரல் ஓடுது, கம்பி ஆடுது. எனக்கு ஒண்டும் வரல்ல. அங்கால எங்கயோ டொக்கு டொக்கெண்டு மட்டும். அடிச்சு முடிஞ்சு என்ட முகத்தப் பாத்தீங்க. மறுகா நான் என்னத்தச் சொல்ற?"

ஒன்றரை வருடம். ஒவ்வொரு மாலையும் என் விரல்களைப் பார்த்துப் பார்த்து, எப்போது முடியும் என்று கணித்து, சரியான நேரத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு நான் உப்பிப் போயிருக்கிறேன். முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி அது வெட்கமாகிவிட்டது. பிறகு அவள்மேல் எழுந்த அன்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவள் பாதத்தில் ஒட்டியிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரெஜிதான் எங்களை மீட்டவன். வந்து அவளுக்கு நேரே நின்று, வாய் நன்றாகத் தெரிய, மெதுவாகச் சொன்னான்.

"தங்கச்சி, பொய் சொன்னா என்ட பலகை பழுதாப் போயிரும். என்னட்ட வேற பலா இல்ல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சரி அண்ணன். இனிச் சொல்லல்ல," என்று கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாவிப் பக்கம் திரும்பினாள்.

றேடியோவைத் தூக்கி அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். சத்தத்தை முழுவதும் திறந்தேன், கூர்மையைக் குறைக்கிற திருகைக் கடைசிவரை திருப்பினேன். பலாக் கட்டை ஊளையிடவில்லை. தகரக் கூரைதான் அதிர்ந்தது.

பாலத்தடியில் வாசித்தேன். அவள் கை மடியிலேயே கிடந்தது. இரண்டு விரல் தள்ளி. அசைவில்லை. நடுவுக்கு வந்தபோது தலையைச் சாய்த்தாள். "என்னமோ ஒண்டு இரையுது. அது பாட்டு இல்ல," என்றாள். வெட்டிய கழுத்து, ஒரே பலகை, ஒரே பிக்கப். இனி நகர்த்துவதற்குக் கொஞ்ச இடமே பாக்கி.

கழுத்து வந்து உடலில் சேருகிற இடத்துக்கே ரெஜி பிக்கப்பைக் கொண்டுவந்தான். அவள் முன்பு பாடிய கீழ்க்குரலின் உயரத்தில், தடித்த கீழ்க் கம்பிகளில், அவளுக்கு முன்பே பழகிய அதே மெட்டை மெதுவாக எடுத்தேன். அவள் கையைத் தூக்கவில்லை. முதல் வரி போயிற்று. இரண்டாம் வரியும் போயிற்று. அவள் முதுகு அப்படியே இருந்தது. நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். மூன்றாம் வரியில் ஒரு பிடி தவறி, சுரம் அரைப்படி கீழே விழுந்துவிட்டது.

"அது பிழை," என்றாள் பிலோமினா, திரும்பாமலே.

ரெஜி ஒரு கையில் பிக்கப்பை அசைக்காமல் பிடித்தபடி, மறு கையால் பென்சிலைத் தேடி எடுத்து, பலாவில் கோடு போட்டான்.

நான் முதலிலிருந்து தொடங்கினேன். அந்த மூன்றாம் வரி வந்தது. சரியான பிடி எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டுமென்றே பிழையாக அடித்தேன்.

"இப்பயும் பிழைதான்," என்றாள்.